உன் மகளை விளையாட விடு

மகனே, அம்மா எழுதுகிறேன். இதை ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையில் வயரும் மறு கையில் போனுமாகப் படிக்காதே. வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு உட்கார்ந்து படி. மருமகள் சுமதிக்கும் வாசித்துக் காட்டு. எம்பிலிப்பிட்டியவில் உன்னைப் போலவே சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிற வேறு தகப்பன்மார் யாராவது கேட்டால் அவர்களுக்கும் கொடு. ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டிய சந்தோஷமான கதைதான் இது. உன்னைப் பற்றிய கதை. உனக்குத்தான் அது ஞாபகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்ன சொன்னாய்? "அம்மா, தாரணி ஒண்ணுமே எழுத மாட்டேங்குறா. நர்சரி டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க, எந்நேரமும் வெளையாட்டுதானாம். நீங்கதான் இப்ப ரிட்டயர் ஆகிட்டீங்களே, இங்க வந்து கொஞ்ச நாள் இருங்க. கண்டிச்சு உக்கார வச்சு எழுதப் பழக்குங்க." நான் "சரி ராசா, பாக்கலாம்" என்று போனை வைத்தேன். வைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நகம் வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பா, "என்ன, தனியா சிரிக்கிற?" என்று கேட்டார். "ஒங்க மகன் வெளையாட்ட நிப்பாட்ட என்னையக் கூப்பிடுறான்" என்றேன். "யாரு, அவனா?" என்று கேட்டுவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பகலெல்லாம் பார்த்துக்கொண்டதுதான் என் ஆயுசு உழைப்பு. அந்த உழைப்பு முழுவதும் குழந்தைகளை விளையாட விட்ட உழைப்பு. அதை நான் ஆரம்பித்ததே உனக்காகத்தான். அதனால்தான் சிரித்தோம். கோபித்துக்கொள்ளாதே.

மண்சரிவு உனக்குத் தெரியும். மல்லிகா அத்தை ஏன் காலைச் சாய்த்து நடக்கிறாள் என்று நீ கேட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னால் நடந்ததை உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. நீ ஓடினாய், பேசினாய், பள்ளிக்கூடம் போனாய், வயரிங் வேலை பழகினாய். பழையதை உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் வரவில்லை. இப்போது எனக்கு நேரம் இருக்கிறது.

அப்போது நாம் இதே தோட்டத்தில் மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளில் ஒன்றில் இருந்தோம். உனக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. நீ வாய் ஓயாத பிள்ளை. பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வருகிற பெண்களை வழியில் நிறுத்தி வைத்துக் கதை சொல்வாய். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களும் கேட்பார்கள். நம் வீட்டு ஆடு நிவித்திகல டவுனுக்கு பஸ் ஏறிப் போய் வந்த கதையை நீ சொல்ல, ஒருத்தி அதை நம்பி "டிக்கட் யாரு எடுத்தா?" என்று கேட்டாள். "கண்டக்டரு ஆட்டுக்கு டிக்கட் போட மாட்டாரு" என்று நீ சொன்னாய். அப்படிப்பட்டவன் நீ.

விடாமல் பெய்துகொண்டிருந்த மழை அன்றைக்குக் காலையில் கொஞ்சம் விட்டது. வேலைக்கு ஆள் கூப்பிட்டார்கள். நான் மலைக்குப் போனேன், அப்பா பெக்டரிக்குப் போனார். மல்லிகா அத்தைக்குக் காய்ச்சல். அவள் வீட்டிலே படுத்திருந்தாள், நீயும் அவளோடு இருந்தாய். மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. லாரி கல் கொட்டுகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருத்தி கத்தினாள், நாங்கள் எல்லோரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். லயத்தின் கடைசிப் பக்கத்துக் காம்பராக்களை மண் மூடியிருந்தது. நம்முடையது அதில் ஒன்று. மற்ற வீடுகளில் ஆள் இல்லை. நம் வீட்டில் நீயும் அத்தையும் இருந்தீர்கள்.

கீழே இருக்கிற சிங்களக் கிராமத்து ஆட்கள் மண்வெட்டியோடு ஏறி வந்தார்கள். நம் ஆட்களும் அவர்களும் ஒன்றாகத் தோண்டினார்கள். தமிழ் எது சிங்களம் எது என்று பிரிக்க முடியாத கூச்சல். நான் கையால் மண்ணை அள்ளினேன், நகம் பிய்ந்தது கூடத் தெரியவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கட்டில் தெரிந்தது. சுவர் விழுகிற போதே அத்தை உன்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். அவள் காலில் விட்டம் கிடந்தது. உன்னை வெளியே இழுத்து என் கையில் கொடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கண் திறந்திருந்தது. நீ அழவில்லை. "அம்மான்னு சொல்லு ராசா, ஒரு தடவ சொல்லு" என்று உலுக்கினேன். நீ என்னைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் போன பேச்சு பிறகு வரவே இல்லை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் காட்டினோம். காது நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, பிள்ளை பயந்துபோயிருக்கிறான், பொறுத்திருங்கள் என்றார்கள். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். அப்பா மாரியம்மனுக்குத் தீ மிதிக்க நேர்ந்துகொண்டார். மாதங்கள் போயின. நீ என் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. எது வேண்டுமானாலும் விரலால் காட்டுவாய். தகரத்தில் மழை விழுந்தால் உன் உடம்பு கட்டையாகிவிடும். பீலியில் பெண்கள் உன்னைப் பார்த்து "ஆடு எங்க போச்சு ராசா?" என்று கேட்பார்கள், நீ என் பின்னால் மறைந்துகொள்வாய். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார்கள்.

வீடிழந்தவர்களையெல்லாம் பெக்டரிக்குப் பின்னால் ரப்பர் வெட்டிய வெளியில் தகரக் கொட்டகை போட்டுக் குடிவைத்திருந்தார்கள். நீ முந்தானையில் தொங்கிக்கொண்டிருந்ததால் என்னால் மலைக்குப் போக முடியவில்லை. கொட்டகைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஆபீசில் சொன்னபோது, நான் பார்க்கிறேன் என்றேன். அப்படித்தான் நான் ஆயா ஆனேன். பயிற்சியெல்லாம் பின்னால் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டவும் மூக்குத் துடைக்கவும்தான்.

அந்தப் பிள்ளைகள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவள் ஜெயந்தி. பக்கத்துக் கொட்டகைப் பெண், உன்னைவிட இரண்டொரு வயது மூத்தவள், அதட்டலும் உருட்டலுமான பிள்ளை. தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, "இது லயம்" என்றாள். ரப்பர் கொட்டைகளை உள்ளே வைத்து, "இது ஆளுங்க" என்றாள். மேலே இருந்து ஈர மண்ணை அள்ளிக் கொட்டி, ஒரு டின் தண்ணீரை ஊற்றினாள். தீப்பெட்டிகள் சரிந்து மண்ணுக்குள் போயின. எல்லாப் பிள்ளைகளும் ஓவென்று கத்தினார்கள். பிறகு மறுபடி அடுக்கினார்கள், மறுபடி மண்ணைக் கொட்டினார்கள். மறுநாளும் அதே விளையாட்டு. அடுத்த நாளும் அதே.

பெரியவர்களால் அதைப் பார்க்க முடியவில்லை. யாருக்குத்தான் முடியும்? வேலை விட்டு வந்த தாய்மார் பிள்ளைகளின் முதுகில் இரண்டு வைத்தார்கள். ஆனால் அவர்கள் மலைக்குப் போனதும் தீப்பெட்டிகள் திரும்ப வந்துவிடும். கடைசியில் தோட்டத்துத் தலைவர் மாரிமுத்து அண்ணன் என்னிடம் நேரே வந்தார். சங்கத் தலைவர் என்றால் அவர் பேச்சுக்குத் தோட்டமே கட்டுப்படும். நல்ல மனிதர். அவர் வீடும் அந்த மண்ணுக்குள்தான் போயிருந்தது.

"தங்கச்சி, இந்தக் கூத்த நிப்பாட்டு. வீட்டு மேல மண்ணள்ளிப் போடுதுங்க. அபசகுனம்."

"சரிங்கண்ணே" என்றுதான் சொல்லப் போனேன். சொல்லப் போன நேரத்தில் என் முந்தானை இலேசானது. திரும்பிப் பார்த்தேன். நீ அதை விட்டிருந்தாய். ரொம்ப தூரம் போகவில்லை. ஓர் எட்டு முன்னால் போய், தீப்பெட்டி லயத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாய். அத்தனை மாதத்தில் நீ எதையாவது அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஜெயந்தி மண்ணைக் கொட்டினாள், நீ நடுங்கினாய், ஆனால் நகரவில்லை. மறுபடி அவள் தீப்பெட்டியை அடுக்கியபோது உன் உதடு அசைந்தது.

"அண்ணே, நிப்பாட்ட மாட்டேன்" என்றேன்.

மாரிமுத்து அண்ணனுக்கு அப்படிப் பதில் சொன்ன பெண் தோட்டத்தில் அதற்கு முன்னால் இல்லை. பின்னேரம் கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. உன் அப்பா கூட, "என்னடி இது, ஊரோட மல்லுக்கு நிக்கிற?" என்று காதருகில் கேட்டார். நான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"பெரியவங்க நாம என்ன செய்றோம்? பீலியில அதே பேச்சு, கொழுந்து மலையில அதே பேச்சு, டீக்கடையில அதே பேச்சு. எப்பிடி வந்துச்சு, எப்பிடி ஓடுனோம், யாரு வீட்டுல எது போச்சு. பேசிப் பேசித்தானே நாம தூங்குறோம்? நமக்குப் பேச வாயி இருக்கு. அதுங்களுக்கு வெளையாட்டுதான் வாயி. அதப் பொத்தாதீங்க."

அன்றைக்குக் குழந்தைகளுக்கு நிறை பார்க்க வந்திருந்த மிட்வைப் மிஸ் தராசைக் கட்டிக்கொண்டிருந்தார். கிராமத்துச் சிங்களப் பெண், தமிழ் அவருக்குப் பாதிதான் விளங்கும். என்ன சண்டை என்று கேட்டார். சொன்னோம். அவர் ஒரே வரியில் முடித்தார்: "லமயின்ட செல்லம் கரன்ன தென்ன." பிள்ளைகளை விளையாட விடுங்கள். உனக்குத்தான் தெரியுமே, சிங்களத்தில் விளையாட்டுக்குச் செல்லம் என்றுதான் பேர். நாம் கொஞ்சுவதற்குச் சொல்கிற அதே சொல். அன்றைக்கு அந்தச் சொல் இரண்டு அர்த்தத்திலும் என் நெஞ்சில் இறங்கியது. மாரிமுத்து அண்ணன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "தீவாளி வரைக்கும் பாப்போம். மேட்டுப் பக்கம் மட்டும் போக விடாத" என்றார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் மகனே. பார்த்துக்கொண்டிருந்ததால் பெரியவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். விளையாட்டு ஒரே மாதிரி இருக்கவில்லை. முதலில் ரப்பர் கொட்டை ஆட்கள் எல்லோரும் செத்துப்போனார்கள். பிறகு ஒரு நாள் ஒரு பையன், "நாய் கொலைச்சுச்சு, எல்லாரும் ஓடிட்டாங்க" என்றான். அன்றிலிருந்து பாதிப் பேர் தப்பித்தார்கள். பிறகு மண் அள்ளும் இயந்திரம் வந்தது. ரோட்டைத் துப்புரவாக்க வந்த பெக்கோவைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டையைக் கம்பில் கட்டி பெக்கோ செய்தார்கள். பிறகு தீப்பெட்டி போதவில்லை, ஆட்களே வேண்டும் என்றாள் ஜெயந்தி. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்றை விரித்து, "இதுதான் மண்ணு. யாராச்சும் உள்ள படுங்க. நாங்க தோண்டிக் காப்பாத்துறோம்" என்றாள். தோண்டுவதற்கு எல்லோரும் தயார். உள்ளே படுக்க யாரும் வரவில்லை. நீ படு, நீ படு என்று தள்ளிக்கொண்டார்கள்.

நீ என் முந்தானையை விட்டுவிட்டு நடந்தாய். நேரே போய் சாக்கைத் தூக்கி, உள்ளே நுழைந்து படுத்துக்கொண்டாய்.

ஓடிப் போய் அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கொட்டகைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அதே நேரம் பார்த்து உன் அப்பா மத்தியானச் சோற்றுக்கு வந்தார். சாக்கு ஓரத்தில் உன் கால் தெரிந்தது. "பைத்தியமா ஒனக்கு?" என்று பாய்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "தொடாதீங்க. வெளையாட்டு முடியட்டும்." அவர் என்னை அடிக்கப் போவது போல் பார்த்தார். ஆனால் நின்றார்.

பிள்ளைகள் சாக்கைச் சுற்றி நின்று கையால் தோண்டினார்கள், சிரட்டையால் தோண்டினார்கள். ஜெயந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "யாரு உள்ள? சத்தம் போடு! சத்தம் போட்டாத்தான் தோண்டுவோம்!" சாக்கு அசையவில்லை. "யாராச்சும் இருக்கீங்களா?" மறுபடி ஒன்றும் இல்லை. அவள் கொஞ்சம் பார்த்தாள். பிறகு, "சரி, இங்க யாரும் இல்ல. வாங்க, அந்த வீட்டுப் பக்கம் போவோம்" என்றாள். உண்மையிலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"நான் இருக்கேன்!"

சாக்குக்குள்ளிருந்து வந்தது. கரகரத்துப் போன குரல். மாதக்கணக்கில் திறக்காத கதவு திறந்த மாதிரி. "நான் இருக்கேன்! இங்க இருக்கேன்! தோண்டுங்க!"

பிள்ளைகளுக்கு அது அதிசயமாகவே படவில்லை. "ஆளு இருக்குடா, தோண்டுடா!" என்று ஓடி வந்து விழுந்தார்கள். உன்னை இழுத்து வெளியே போட்டார்கள். நீ வியர்த்து, சிவந்து, தலையெல்லாம் தூசியாக எழுந்து நின்றாய். நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கம் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறோம். நீ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னொருக்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி சாக்குக்குள் போனாய். அன்றைக்குப் பின்னேரம் வரை அதே விளையாட்டுதான். ஒவ்வொரு தடவையும் முன்னையதைவிடச் சத்தமாகக் கத்தினாய். பெக்டரியில் கொழுந்து கொட்டிக்கொண்டிருந்தவர்கள் சாக்கைப் போட்டுவிட்டு வந்து வேலிக்கு அப்பால் நின்றார்கள். மாரிமுத்து அண்ணன் வந்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. சில நாட்கள் விளையாட்டில் மட்டும்தான் பேசினாய். விளையாட்டு முடிந்தால் வாயும் மூடிக்கொள்ளும். நான் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாள் பின்னேரம் மூன்று பேரும் சோறு தின்றுகொண்டிருக்கிறோம். நீ ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "அம்மா, உப்பு பத்தல" என்றாய். உன் அப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே ஓடினார். கொட்டகை கொட்டகையாகப் போய், "எம் மகன் உப்பு பத்தலன்னு சொல்லிட்டான்! எம் மகன் குத்தஞ் சொல்லிட்டான்!" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆளுக்கொரு கை உப்போடு பெண்கள் நம் வாசலுக்கு வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு நான் உப்பு வாங்கவில்லை. அந்த ஆடிக்கு அப்பா தீ மிதித்தார். நீ ஓரத்தில் நின்றுகொண்டு, "அப்பா மெதுவா போங்க, பயப்படாதீங்க" என்று கத்திக்கொண்டே வந்தாய்.

விளையாட்டும் அதோடு மாறிப் போனது. நீ உள்ளே படுப்பதை விட்டுவிட்டு பெக்கோக்காரன் ஆனாய். பிறகு யாருக்கும் மண் கொட்டுவதில் ருசி இல்லாமல் போய், வீடு கட்டுகிற விளையாட்டு வந்தது. கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சினீர்கள். தேங்காய் என்று ஒரு ரப்பர் கொட்டையைக் கல்லில் போட்டு உடைத்தீர்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயத்தை எடுத்துக் கையில் வைத்து, உருட்டி, மிதித்து, கடைசியில் அதன் மேலேயே வீடு கட்டினீர்கள். தீபாவளி வந்து போனது. நிப்பாட்டு என்று சொல்ல யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் இந்தப் பக்கத்து மேட்டில் நமக்குப் புது வீடுகள் கட்ட இடம் கொடுத்தார்கள். அளந்து, அடையாளத்துக்குக் கூனிக் குச்சி அடித்தபோது நடுவில் ஒரு சமதரை வந்தது. இந்த மலையில் சமதரை என்றால் சும்மாவா? ஒருவர் அங்கே வேன் நிறுத்த வேண்டும் என்றார். ஒருவர் மரக்கறித் தோட்டம் என்றார். நான் பெண்களோடு ஓரமாக நின்று, என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முந்தி மாரிமுத்து அண்ணன் எழுந்துவிட்டார். "அது புள்ளைங்களுக்கு. மொதல்ல அத விட்டுட்டு மத்த எடத்துல கல்லு வையுங்க. வெளையாட்டு வேணாம்னு சொன்ன வாயி இது. அந்தப் பயலோட சத்தத்தக் கேட்ட காதும் இதுதான். இதுக்கு மேல யாரும் பேசாதீங்க." கிராமத்து ஆட்களும் சிரமதானத்துக்கு வந்தார்கள். அன்றைக்குத் தோண்டியவர்கள்தான் இதையும் நிரவிக் கொடுத்தார்கள். நீ மட்டையும் பந்துமாக எல்லே அடித்துப் பழகிய மைதானம் அதுதான். சிங்களப் பையன்களோடு சண்டை போட்டு, சமாதானமாகி, அவுட்டா இல்லையா என்று வாதாடித்தான் நீ சிங்களம் படித்தாய். எந்த டியூசனுக்கும் நான் உன்னை அனுப்பவில்லை. இன்றைக்கு எம்பிலிப்பிட்டியவில் உன்னிடம் வேலை செய்கிற பையன்களை நீ சிரித்துப் பேசியே வேலை வாங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த மைதானத்தைத்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு என் பிள்ளைக்காம்பரா வழியாக எத்தனையோ குழந்தைகள் போய்விட்டார்கள். தாய்மார் வந்து நீ கேட்டதையேதான் கேட்பார்கள். "அக்கா, எங்க புள்ள மண்ணுல பொரண்டுட்டு வருது. எழுத்துச் சொல்லிக் குடுங்க. நாங்கதான் மலையிலயே கெடக்குறோம், அதாச்சும் படிச்சு வரட்டும்." அந்த ஆசை எனக்குப் புரியும், அது என் ஆசையும்தான். எழுத்து வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்ததைச் சொல்வேன். மண் பிசைந்த விரல் பென்சிலை உறுதியாகப் பிடிக்கிறது. ரப்பர் கொட்டையைப் பங்கு பிரித்த பிள்ளைக்குக் கணக்கு பழைய சிநேகிதம் மாதிரி வருகிறது. ஊஞ்சலுக்கு வரிசையில் நின்று பழகியவன் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவதில்லை. தோற்று, அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்தவள், பரீட்சையில் ஒரு தடவை விழுந்தால் உட்கார்ந்துவிடுவதில்லை. இன்னொன்றும் பார்த்தேன். பிள்ளை என்ன விளையாடுகிறது என்று கவனித்தால் அதன் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஜெயந்தி இன்றைக்கு நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பு டீச்சர், உனக்குத் தெரியும். அவள் இப்போதும் அதட்டுகிறாள், இப்போதும் இடுப்பில் கை வைக்கிறாள். பள்ளிக்கூடத் தவணை தொடங்கினால் முதல் வாரம் புத்தகம் திறப்பதில்லை. பிள்ளைகளை வெளியே விட்டு அவர்கள் விளையாடுவதைப் பார்க்கிறாள்.

நானும் உன் மகளைப் பார்த்தேன். புதன்கிழமை பின்னேரம் சுமதிக்கு வீடியோ கால் எடுத்தேன். அவள் போனைத் தாரணியிடம் கொடுத்தாள்.

"என்னம்மா செய்ற?" என்று கேட்டேன்.

"டியூட்டி வெளையாட்டு, அப்பாயி."

"நானும் வரலாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பேபி. படுங்க."

போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பாயில் படுத்தேன். அவளும் தன் பக்கத்துப் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தோளில் சுமதியின் பையை மாட்டிக்கொண்டாள். பை தரையில் இழுபட்டது. ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் எடுத்துக்கொண்டு, "பேபிக்குக் காய்ச்சல். எழுதணும்" என்று சொல்லி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, காகிதம் நிறையக் கோடு கோடாக எழுதினாள். ஆமாம் மகனே, எழுதினாள். பென்சிலை அழகாகப் பிடித்து எழுதினாள். பிறகு, "அம்மா டியூட்டிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள். நான் பேசாமல் படுத்திருந்தேன். தலையை நீட்டிப் பார்த்து, "அழுங்க!" என்று அதட்டினாள். அழுதேன். உடனே ஓடி வந்தாள். "பாத்தீங்களா, வந்துட்டேன்ல? அழக் கூடாது. அம்மா காலையில வந்துருவேன்." மறுபடி போனாள், மறுபடி நான் அழுதேன், மறுபடி வந்தாள். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பின்னால் சுமதி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு நைட் டியூட்டி போட்டதிலிருந்துதான் பிள்ளை எழுத மாட்டேன் என்கிறாள், இல்லையா? கணக்குப் போட்டுப் பார். போகிற அம்மா திரும்பி வருவாள் என்பதை உன் மகள் தினமும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது அதைவிடப் பெரிய பாடம் எந்த நர்சரியிலும் இல்லை. அதைப் படித்து முடித்துவிட்டு அவளே அ, ஆவுக்கு வருவாள். டீச்சரிடம் இதைச் சொல்லு, தன்மையாகச் சொல்லு. கேட்காவிட்டால் நான் வந்து சொல்கிறேன். மாரிமுத்து அண்ணனிடமே பேசியவள் நான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அப்பாவும் நானும் வருகிறோம். கண்டிக்க அல்ல, விளையாட. ஒரு கோணிப்பை நிறைய ரப்பர் கொட்டை பொறுக்கி வைத்திருக்கிறார் உன் அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்டதற்கு, "எம்பிலிப்பிட்டியவுல ஒரு மீட்டிங்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பின்னேரம் வயரிங் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. உன் மகள் உன்னைப் படுக்கச் சொல்வாள். சட்டை அழுக்காகும் என்று பார்க்காமல் படு. அவள் பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போகும்போது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழு. அவள் ஓடி வருவாள்.

அம்மா